சீட்டு மேசையில் விழுந்த வளையம்

பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு மாவிஸ் தேநீர்க் கோப்பையை எடுத்தாள். அடியில், மேசைமேல் வெள்ளை வளையம்.

வளையம் கோப்பையைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. சூடு பரவியிருக்கும்.

குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த மாளிகை பதினோரு மணிக்குப் பொதுமக்களுக்குத் திறக்கிறது. பராமரிப்பு வேலையில் அவளுக்கு அன்று முதல் நாள். வேலையோடு குடியிருக்க ஒரு வீடும் தந்திருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். மேசையோ இருநூறு வருஷத்து மடக்குச் சீட்டாட்ட மேசை. தேன் நிறப் பலகை, விளிம்பெல்லாம் மெல்லிசாக ஒட்டிய தங்க ரேக்கு. மூடியிருந்த துணியை உருவிவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கோப்பையை வைத்தது அவள்தான்.

தேநீர்க்கூடத்து டோரீனிடம் ஓடினாள்.

"மயோனைஸ் தடவுடி. எங்க வீட்ல எப்பவும் அதான்."

தடவினாள். வளையத்தைச் சுற்றி எண்ணெய் படர்ந்தது. திரும்ப ஓடினாள்.

"முட்டை பொரிச்ச மாதிரி இருக்கே, டோரீன்!"

"அப்ப சாம்பல் போட்டுத் தேயி."

தேய்த்தாள். பளபளப்பு போனது. மறுபடியும் ஓடினாள்.

"ஸ்பிரிட்டு?"

"ஊத்து. இனிமே கெட என்ன இருக்கு?"

இருந்தது. வளையம் அடியோடு மறைந்தது. துடைத்த துணியைப் பார்த்தால் தங்கமாக மின்னியது; விளிம்பில் ரேக்கு இல்லை.

கிறிஸ்துமஸுக்குப் பைன் காய்களில் பூசும் தங்கப் பெயிண்ட் அரை டப்பா கிடைத்தது. பூசினாள். நடையில் காலடிச் சத்தம். பெயிண்ட் காயுமுன்னே மேல்பலகையை மடித்து மூடினாள்.

நிர்வாகி தாக்வெல் முதல் கூட்டத்தோடு வந்தார். "மாவிஸ், இதை விரிச்சுல்ல வைக்கணும்?"

"மடிச்சாலும் அழகாத்தான் சார் இருக்கு."

அவர் பலகையைத் தூக்கினார். வரவில்லை. இழுத்தார். துணி கிழிவதுபோல ஒரு சத்தம். பலகை திறந்தது. அவர் கையெல்லாம் தங்கம்.



"என் கோப்பைதான் சார்," என்றாள் மாவிஸ், அழுகையோடு. "வெள்ளையா வளையம் விழுந்துடுச்சு. ஆனா சுத்தமா எடுத்துட்டேன் சார். தடமே தெரியாது."

தாக்வெல் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வரிசையில் முதலில் நின்ற கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, லீட்ஸ்லருந்து மூணு மணி நேரம் வந்திருக்கேன். சீட்டுல தோத்த கோபத்துல மன்னர் கொதிக்கக் கொதிக்கக் கிண்ணத்தை வச்ச வளையம்... அதையா எடுத்துட்டே?"