இருபத்தைந்து அடி

எல்லோரும் வேகமாக நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டருக்கு அதுதான் தலைவலி.

வராந்தாவின் இந்த முனையில் ஒரு மஞ்சள் கோடு, அந்த முனையில் ஒரு மஞ்சள் கோடு. நடுவில் இருபத்தைந்து அடி. நோயாளி இங்கே கிளம்பி அங்கே போய்ச் சேர எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சைப் பார்த்து எழுதுவதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. பதினாறு வருஷம் படித்தவர் இந்த வேலையைத்தான் செய்கிறார் என்பதை அவருடைய மாமனார் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மின்சார ஒயரை எலி கடித்த மாதிரி நரம்பின் மேலுறை அங்கங்கே உரிந்துபோகும். மூளை இடுகிற உத்தரவு காலுக்குப் பாதிதான் போய்ச் சேரும். வந்திருந்த நாற்பது பேரில் ஒரு தையற்காரம்மா இருந்தார். மிதிக்கிற கால் மரத்துப்போய் ஆறு மாதமாக அவருடைய மெஷின் சும்மா கிடக்கிறது. ஒரு லாரி டிரைவர் இருந்தார். கிளட்ச் எங்கே இருக்கிறது என்று கால் மறந்துபோனதால் வண்டியை விட்டு இறங்கியவர். காலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இருபத்தைந்து அடி சின்னத் தூரம் இல்லை.

இருபது பேருக்குப் புது மருந்து, இருபது பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், மருந்து சாப்பிடுகிறவர் நடக்கும்போது ஸ்டாப்வாட்சில் கட்டைவிரல் தன்னால் ஒரு நொடி முந்திக்கொள்ளும். மருந்தின் பக்கவிளைவே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் இன்னொரு கண்டிப்பும் இருந்தது. வயிற்றைக் கலக்குகிறது, தலை சுற்றுகிறது என்று உடம்பு விஷயம் எதையும் நோயாளிகள் இவரிடம் மூச்சு விடக் கூடாது. அதற்கு வேறு டாக்டர், வேறு நாள். முதல் நாளே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியாகிவிட்டது.

மாதத்தில் ஒரு வாரம் அளவு வாரம். நாற்பது பேரும் தினமும் காலையில் வந்து நடக்க வேண்டும். போன மாதம் சராசரி எட்டு விநாடி. இந்தத் திங்கட்கிழமை ஏழு.

இருபது பேர் வேகமாக நடந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். நாற்பது பேரும் நடந்தால்? வெள்ளிக்கிழமை தணிக்கை அதிகாரி வருகிறார். சரியான காரணத்தைக் காட்டிவிட்டால் மறுபடி அளந்துகொள்ளலாம். காட்ட முடியாவிட்டால் சோதனையை மூடிவிடுவார்கள். டாக்டரின் நான்கு வருஷம் கிடக்கட்டும். அந்த மருந்து நல்லதா இல்லையா என்று தெரியாமலே நாற்பது பேரும் வீட்டுக்குப் போக வேண்டும்.

டாக்டர் முதலில் ஸ்டாப்வாட்சை மாற்றினார். அதே ஏழு. தரையில் மண்டி போட்டு டேப்பால் அளந்தார். இருபத்தைந்து அடி, ஒரு நூல்கூடக் குறையவில்லை. அவர் மண்டி போட்டிருந்தபோது, வராந்தாவைத் துடைக்க வந்த துப்புரவுக்காரம்மா வாளியைக் கீழே வைத்து, "சார், ஒரு விஷயம்" என்றார்.

"சோதனை நேரத்துல பேசக் கூடாதும்மா."

அந்தம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை நர்ஸ் ஒரு துப்புக் கொண்டுவந்தார். டாக்டர் வருவதற்கு முன்னால் நோயாளிகள் இதே வராந்தாவில் போவதும் வருவதுமாக இருக்கிறார்களாம். பழகிப் பார்க்கிறார்கள், கேள்வித்தாள் வெளியாகிவிட்டது என்று டாக்டர் முடிவு கட்டினார். உடனே குறுக்கே ஒரு கயிறு. அவரவர் முறை வரும்வரை யாரும் அங்கே கால் வைக்கக் கூடாது.

அன்றைக்குச் சராசரி ஆறு.

லாரி டிரைவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சார், ஒண்ணு சொல்லலாமா?"

"உடம்பு விஷயமா?"

"ஆமா சார்."

"அப்ப என்கிட்ட சொல்லக் கூடாது."

டிரைவர் யோசித்தார். "சரி சார். என்னை எப்ப கூப்பிடுவீங்க?"

'நோயாளிகளிடம் நல்ல ஆர்வம்' என்று டாக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் மனைவியிடம் புலம்பினார். மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். நோயாளி வேகமாக நடந்ததற்கு இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கிற ஒரே டாக்டர் உலகத்திலேயே நீங்கள்தான் என்று முதலில் ஒரு குட்டு வைத்தார். பிறகு வைத்தியமும் சொன்னார்.

"பந்தயத்துக்கு முன்னாடி பிள்ளைங்களுக்கு ஒரு படபடப்பு வருங்க. அதுலதான் கண்ணு மண்ணு தெரியாம ஓடும். ஒரு மணி நேரம் அசையாம உட்கார வைங்க. நல்லா தண்ணி குடிக்க வைங்க. நிதானத்துக்கு வந்துடுவாங்க."

புதன்கிழமை எல்லோரையும் காத்திருப்பு அறையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஆளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். குடித்து முடிக்கிறவரை நர்ஸ் பக்கத்திலேயே நின்றார்.

சராசரி ஐந்து.

போன மாதம் பதினோரு விநாடி எடுத்துக்கொண்ட தையற்காரம்மா, உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு, பார்வை ஒரே நேராக, ஆறே விநாடியில் கோட்டைத் தாண்டினார். நிற்கவுமில்லை. அப்படியே மூலை திரும்பிப் போய்விட்டார். ஐந்து நிமிஷம் கழித்து முகம் மலர்ந்து திரும்பி வந்தார்.

டாக்டர் விதியை மறந்து, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

"இப்ப நல்லா இருக்கு சார். அதுக்கு மேல சொல்லக் கூடாது."

ஒரு மணி நேரம் போதவில்லை என்று டாக்டருக்குத் தோன்றியது. வியாழக்கிழமை இரண்டு மணி நேரம், நான்கு டம்ளர். லாரி டிரைவர் கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். சராசரி நான்கரை. டாக்டர் கையிலிருந்து ஸ்டாப்வாட்ச் நழுவிக் கீழே விழுந்தது.

துப்புரவுக்காரம்மா அதை எடுத்துக் கொடுத்தார். "சார், அந்த மூலைக்கு அந்தப் பக்கம்..."

"நாளைக்கு அதிகாரி வர்றாங்கம்மா. தரை பளபளன்னு இருக்கணும்."

"தரை இருக்கும்" என்றார் அந்தம்மா.

வெள்ளிக்கிழமை அதிகாரியம்மா வந்தார். தடித்த கண்ணாடி, தட்டையான செருப்பு, சிரித்துப் பழகாத முகம். நோயாளிகளை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். காத்திருப்பு அறையிலேயே அவர்களோடு உட்கார்ந்து ஃபைல்களைப் புரட்டினார். நர்சுக்கு உத்தரவு உத்தரவுதான். அதிகாரிக்கும் நான்கு டம்ளர். பக்கத்தில் நின்று குடிக்க வைத்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து அதிகாரி விறுவிறுவென்று மஞ்சள் கோட்டுக்கு வந்தார். ஃபைலை நர்ஸ் கையில் திணித்தார்.

"நானே நடந்து பார்க்கறேன் டாக்டர். அமுக்குங்க."

மூன்று விநாடி. அவரும் நிற்கவில்லை. மூலை திரும்பினார். செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

டாக்டர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். இந்தம்மாவுக்கு மருந்தும் இல்லை, மாவும் இல்லை, நோயும் இல்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். பளபளவென்றுதான் இருந்தது.

"சோதனை முடிஞ்சுது. இனிமே யாரு வேணாலும் பேசலாம்" என்றார் யாரையும் பார்க்காமல்.

துப்புரவுக்காரம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"உடம்பு விஷயம் உங்ககிட்ட பேச மாட்டோம்னு அவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க சார், நான் எதுலயும் போடல, அதனால சொல்றேன்: உங்களுக்கும் நர்சம்மாவுக்கும் மாடியில தனியா இருக்கு, கீழே இவங்களுக்கு இருந்த கக்கூஸ் குழாய் உடைஞ்சு பூட்டி மூணு வாரமாச்சு, இப்ப திறந்து கிடக்கறது உங்க கோட்டைத் தாண்டித் திரும்பினா வர்றது ஒண்ணுதான்."