நாற்பது மீட்டரும் மூன்றாம் கட்டமும்

ஒரு கட்டடத்திலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்கு நாற்பது மீட்டர் கம்பி இழுக்க எவ்வளவு காலம் ஆகும்? இந்தக் கேள்வி முதன்முதலில் காதில் விழுந்தபோது, ஏணி இருந்தால் அரை நாள், இல்லாவிட்டால் ஏணி தேட இன்னொரு அரை நாள் என்றுதான் நினைத்தேன். திட்டக்காரர் என்று ஓர் இனம் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா வைத்திருப்பார், கட்டத்துக்கு ஒரு நிறம். கூரை ஒழுகினால் நீங்களும் நானும் வாளியைத் தேடி ஓடுவோம். அவரோ ஒழுகும் இடத்தில் அசையாமல் நின்று, வீட்டில் மொத்தம் எத்தனை வாளி, அவற்றில் ஓட்டை உள்ளவை எத்தனை, அடுத்த பத்து மழைக்காலங்களில் வாளியின் தேவை எப்படி உயரும் என்று குறித்துக்கொள்வார். தலை நனையும். தாள் நனையாது. சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு இனம். திட்டக்காரர் மாடாய் உழைப்பவர். உழைத்து உழைத்து ஒரு வேலையும் நடக்காமல் பார்த்துக்கொள்வது லேசுப்பட்ட காரியமா?

நம் திட்டக்காரர் உயர்கல்வித் தொழில்நுட்ப, தொலைத்தொடர்புத் திட்டக் குழுவின் செயலாளர். மாநிலத்தின் எல்லாக் கல்லூரிகளுக்கும் கணினியும் இணையமும் எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானிப்பது அவர் பொறுப்பு. என்ன கேட்டாலும், “பத்தாண்டில் பாருங்கள்” என்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் ‘பத்தாண்டு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அது அவர் காதுக்கும் வந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அவர் அறைச் சுவரில் ஆளுயர வரைபடம். கல்லூரிக்கு ஒரு குண்டூசி. முதல் கட்டத்தில் கல்லூரி அலுவலகம் வரை இணைப்பு வரும். இரண்டாம் கட்டத்தில் நூலகத்துக்கு. மூன்றாம் கட்டத்தில் கணினி ஆய்வகத்துக்கு. நான்கு, ஐந்து, ஆறு என்று கட்டங்கள் மேலும் உண்டு, ஆனால் அவற்றுக்குக் குண்டூசி தீர்ந்துவிட்டது. தொலைத்தொடர்புத் திட்டம் உருவாகும் அந்த அறைக்குள் கைபேசி மட்டும் வேலை செய்யாது. பேச வேண்டுமானால் மாடிப்படியில் நான்காவது படிக்கு இறங்கி, ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் படியில் நிற்க எப்போதும் ஒரு வரிசை இருக்கும். இதற்கெனத் தனித் துணைக்குழு ஒன்று ஆராய்ந்துவருகிறது.

வீட்டிலும் இதே கதைதான். கூடத்தில் வரும் இணையம் சமையலறைக்கு வராது.

“ஏங்க, அந்தப் பெட்டியைத் தூக்கி இந்த அலமாரி மேல வெச்சா போதும்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்றாங்க” என்றார் மனைவி.

“அவசரப்படாதே. வீடு முழுக்க ஒருங்கிணைந்த முறையில பண்ணணும்.”

“ஒருங்கிணைஞ்சு நாம ரெண்டு பேர்தாங்க இருக்கோம்.”

அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

அவருக்கு ஒரு தங்கை. தொலைவில் ஒரு மாலைக் கல்லூரியில் கணினி ஆய்வகத்தின் பொறுப்பாளர். ஒருநாள் அவள் கூப்பிட்டபோது திட்டக்காரர் வரிசையில் முந்திக்கொண்டு நான்காவது படியில் நின்றிருந்தார்.

“அண்ணா, நாப்பது மீட்டர் கம்பி வேணும். அவ்வளவுதான்.”

“எங்கேயிருந்து எங்கே?”

“ஆபீஸ் ரூம்லயிருந்து எங்க லேபுக்கு. ஆபீஸ் வரைக்கும் லைன் வந்து ரெண்டு வருஷமாச்சு. இங்க முப்பத்தோரு கம்ப்யூட்டர் சும்மா உக்காந்திருக்கு.”

விஷயம் இதுதான். இந்த ஆண்டு முதல் இறுதித் தேர்வை இணையத்தில்தான் எழுத வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. ஆய்வகத்தில் இணைப்பு இல்லாத கல்லூரியின் மாணவர்கள் நான்கு மணி நேரம் பேருந்தில் போய் வேறு ஊரில் எழுத வேண்டும். மாலைக் கல்லூரியில் படிப்பவர்கள் யார்? தையல் கடையில் வேலை பார்ப்பவள், கைக்குழந்தைக்காரி, மருத்துவமனையில் முறை வைத்து வேலை செய்பவர், பகலெல்லாம் ஊருக்கு மின்வேலை பார்த்துவிட்டு வந்து முதல் வரிசையில் கொட்டாவி விடுபவர். மொத்தம் முப்பத்தொரு பேர்.

“பாதிப் பேரு போக மாட்டாங்கண்ணா. லீவு கிடைக்காது, குழந்தையை விட ஆள் கிடையாது. மூணு வருஷம் படிச்சதெல்லாம் அப்படியே நின்னுடும்.”

திட்டக்காரருக்கு மனம் இளகிவிட்டது. நல்ல மனிதர், சந்தேகமே வேண்டாம். “கவலைப்படாதேம்மா, உன் காலேஜ் மூணாம் கட்டத்துல இருக்கு” என்றார்.

“மூணாம் கட்டம் எப்போ?”

“ரெண்டாம் கட்டம் முடிஞ்சதும்.”

“ரெண்டாம் கட்டம்?”

“முதல் கட்டத்தை இப்போ மதிப்பீடு பண்ணிட்டிருக்கோம்.”

“பரீட்சை அடுத்த வெள்ளிக்கிழமைண்ணா!”

“வெள்ளிக்கிழமைன்னு ஒரு கட்டம் திட்டத்துல இல்லையேம்மா.”

படியில் சிக்னல் போய்விட்டதோ என்று அவர் தலையை இன்னும் சாய்த்தார்.

“சரிண்ணா. நாங்களே இழுத்துக்கறோம்.”

அவ்வளவுதான், திட்டக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயையோ, அதை மட்டும் பண்ணிடாதே! இப்போதைய நிலை கெட்டுடும்!”

இப்போதைய நிலை என்பது திட்டக்காரர்களுக்குக் கண்ணின் மணி. நாளை எவ்வளவு முன்னேறினோம் என்று காட்ட வேண்டுமானால் இன்று எவ்வளவு மோசமாக இருக்கிறோம் என்று அளந்து வைத்திருக்க வேண்டும் அல்லவா? ஆய்வகத்தில் இணைப்பு இல்லாத கல்லூரிகள் எழுபத்திரண்டு என்று கணக்கெடுத்து, திட்ட அறிக்கையில் அட்டவணை போட்டு, வட்டப்படம் வரைந்து, அமைச்சரின் முன்னுரையிலும் அந்த எண்ணைச் சேர்த்தாகிவிட்டது. இப்போது போய் ஒரு தங்கை திடீரென்று எழுபத்தொன்றாக்கினால்?

“அறிக்கைக்கு அட்டைகூட அச்சடிச்சாச்சும்மா, கொஞ்சம் புரிஞ்சுக்கோ” என்று கெஞ்சினார்.

தங்கைக்குப் புரிந்தது. அடுத்த நாளே பெயிண்ட் கடையிலிருந்து ஓர் ஏணி வந்தது. முதல் வரிசையில் கொட்டாவி விடும் மின்வேலைக்காரர் கொட்டாவி விடாமல் ஏறினார். கம்பி அலுவலக ஜன்னலில் புறப்பட்டு, நடுவில் நிற்கும் மரக்கிளையில் ஒரு கட்டு, சைக்கிள் கொட்டகை மேல் இன்னொரு கட்டு என்று போய், ஆய்வகத்தின் காற்றுத் துளை வழியாக உள்ளே இறங்கியது. தேநீர் குடித்த நேரத்தையும் சேர்த்து மூன்றரை மணி நேரம்.

“மேடம், இதுக்கா ரெண்டு வருஷம்?” என்றார் அவர், ஏணியிலிருந்து இறங்கியபடி.

“அண்ணன் காதுல விழப்போகுது. சும்மா இருங்க.”

வெள்ளிக்கிழமை வந்தது. திட்டக்காரரும் வந்தார், கழுத்தில் கேமராவோடு. அறிக்கையின் நாற்பத்தாறாம் பக்கத்தில் ஒரு படத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. ‘இணைப்பற்ற ஆய்வகம்’ என்று கீழே குறிப்பு எழுதியாகிவிட்டது, மேலே படம்தான் பாக்கி. தங்கை கல்லூரியிலேயே எடுத்துவிட்டால் அவளையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று நினைத்தார்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். முப்பத்தொரு தலைகள். முப்பத்தொரு திரைகள். தையல்காரி உதட்டைக் கடித்துக்கொண்டு விசையைத் தட்டுகிறாள். கைக்குழந்தை கல்லூரி ஆயாவின் மடியில் வாசலருகே தூங்குகிறது. ஒரு நொடி அவருக்கு நெஞ்சு விம்மியது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், ‘பத்தாண்டுக்குப் பின்’ என்ற தலைப்பின் கீழ் ஓவியரை வைத்து அவர் வரையச் சொன்ன படம் அப்படியே உயிரோடு உட்கார்ந்திருந்தது! கண்கூட லேசாகக் கலங்கியது.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் பக்கம் தவறு.

தங்கையை வாசலுக்குக் கூப்பிட்டார். “பத்தே நிமிஷம்மா. கம்பியைக் கழட்டி வை, ஒரு போட்டோ எடுத்துக்கறேன், திரும்ப மாட்டிக்கலாம்.”

“பரீட்சை நடக்குதுண்ணா.”

“அதனாலதான் பத்து நிமிஷம்னு சொல்றேன்.”

“கழட்டினா இவங்க எழுதினதெல்லாம் போயிடும்.”

“போனதை மீட்டெடுக்க அஞ்சாம் கட்டத்துல ஏற்பாடு இருக்கும்மா!”

விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே இருந்தது, பக்கம் நூற்றுப்பன்னிரண்டில்.

தங்கை அண்ணனை உச்சந்தலையிலிருந்து கேமரா வரை ஒருமுறை பார்த்தாள். “அண்ணா, கொஞ்சம் பின்னாடி நகருங்க.”

நகர்ந்தார். ஆயாவையும் குழந்தையையும் உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. திட்டக்காரர் முதலில் திகைத்தார். பிறகு கதவைப் பார்த்தார். பழைய கதவு, சாயம் போனது, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. கேமராவைத் தூக்கினார். சொடுக்கினார்.

முப்பத்தொரு பேரும் எழுதி முடித்தார்கள். ஒருவர்கூடப் பேருந்து ஏறவில்லை, ஒருவருக்கும் ஓர் ஆண்டு வீணாகவில்லை. அறிக்கை பெரும் விழாவில் வெளியானது. நாற்பத்தாறாம் பக்கத்தில் அந்தக் கதவு. கீழே, ‘இணைப்பு இல்லாததால் மூடியே கிடக்கும் ஆய்வகம்’. பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். தங்கைக்கு ஒரு பிரதி வந்தது, ‘உன் பொறுமைக்கு’ என்று பச்சைப் பேனாவில் கையெழுத்திட்டு. இழுத்த கம்பி அரைச் சாண் குறைந்துபோய், இணையப் பெட்டி மேசையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அறிக்கையை அடியில் வைத்தாள். கச்சிதமான தடிமன்! மாநிலத்தின் தொலைத்தொடர்புக்கு அந்தத் திட்டம் அன்றிலிருந்து தோள் கொடுத்துவருகிறது.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. உங்கள் வீட்டு மாடிப்படி விளக்கு எரியவில்லையே, அதை எப்போது மாற்றப் போகிறீர்கள்? வீடு முழுக்க வயரிங் மாற்றும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று போன வாரம் இருட்டில் தடவி ஏறியபடி சொன்னது யார்? நண்பனுக்கு எழுத வேண்டிய இரண்டு வரியை, என்றாவது ஒருநாள் நிதானமாக உட்கார்ந்து நீளமாக எழுதலாம் என்று ஒத்திப்போட்டது யார்? சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். எத்தனை பேனா இருக்கிறது?

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கதையை இன்னொருவருக்குக் கொடுங்கள். யாருக்கெல்லாம் கொடுக்கலாம், முதலில் யார், அடுத்து யார் என்று பட்டியல் போட உட்காராதீர்கள். இப்போது உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறாரோ, அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.