மெயினை அணைத்துவிட்டுப் போன மூன்று நாட்கள்

சிக்கனக்காரன் தன் சிக்கனத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தால் வீட்டுக்கு நல்லது. நான் பேசினேன். எழுதவும் செய்தேன். சென்னையில் ஒரு நாளிதழின் வணிகப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்தபோது, வீட்டுச் செலவைக் குறைக்க வாராவாரம் வாசகர்களுக்கு யோசனை சொன்னவன் நான். (என் சம்பளம் தெரிந்திருந்தால் ஒருவர்கூடக் கேட்டிருக்க மாட்டார்.)

எட்டு வருடங்களுக்கு முன் மனைவி பர்வீனுக்கு டெக்சஸில் வேலை கிடைத்தது. டாலஸை ஒட்டிய காப்பெலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் குடியேறினோம். என் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. ஆகவே பட்ஜெட் போடுவதே என் உத்தியோகமாயிற்று. கொத்தமல்லிக் கட்டைக்கூட ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தேன். என் முடியை நானே வெட்டிக்கொண்டேன். (அந்த வருடப் புகைப்படங்கள் எதிலும் நான் இல்லை.) வாடகை வீட்டுக்கான இன்சூரன்ஸ் மாதம் பதினைந்து டாலர், தண்டம் என்று அதையும் நிறுத்தினேன்.

என் பட்ஜெட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு தலைப்பு: ‘வாப்பா டிக்கெட்.’ நாகூரில் பர்வீனின் வாப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். ஜனவரியில் அவள் போய்ப் பார்க்க வேண்டும். மிச்சம் பிடித்ததெல்லாம் அந்தப் பக்கத்துக்குத்தான் போனது.

டிசம்பர் கடைசியில் சுகர் லேண்டில் இருந்த பர்வீனின் தோழி வீட்டுக்கு நான்கு நாள் பயணம். கிளம்பும்போது நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். மூடுவதற்கு சிலிண்டர் இல்லாததால் மின்சார அடுப்பை வெறுமனே தடவிப் பார்த்தேன். பிறகு மெயினை அணைத்தேன்.

“மச்சான், அப்ப ஹீட்டர்?” என்றாள் பர்வீன். (எங்கள் பக்கம் கணவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

“காலி வீட்டுக்கு எதுக்கு ஹீட்டர்? சுவத்துக்குக் குளிருமா?”

“ஃப்ரிட்ஜ்ல தோசை மாவு இருக்கே?”

“பால்கனில வெச்சுட்டேன். வெளில ஃப்ரீயாவே ஃப்ரீசர் ஓடுது.”

வெளியே வைத்தால் மாவு உறையும் என்று தெரிந்தவனுக்கு, சுவருக்குள் ஓடும் குழாய்த் தண்ணீரும் உறையும் என்று தோன்றவில்லை. உறைந்த தண்ணீர் குழாயைப் பிளக்கும் என்பதும் தெரியாது.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. மதியச் சாப்பாட்டின்போது கீழ்வீட்டு மூர்த்தி அங்கிள் போன் செய்தார். வங்கியில் ஓய்வு பெற்று மகனோடு இருப்பவர். குரலை உயர்த்தியே பேச மாட்டார்.

“தம்பி, ஊர்லதான் இருக்கீங்களா?”

“இல்ல அங்கிள், சுகர் லேண்ட் வந்திருக்கோம்.”

“அப்ப மேல குளிக்கிறது யாரு? எங்க ஹால்ல மழை கொட்டுது. ஆன்ட்டி சாமி படத்துக்குக் குடை புடிச்சிட்டு நிக்கிறா.”

சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கிளம்பினோம். ஃப்ரீவேயில் நான்கு மணி நேரம். பின்சீட்டிலிருந்து எங்கள் ஐந்து வயது மகள் ஆயிஷா கேட்டாள்: “டாடி, ஆர் வி இன் ட்ரபிள்?”

சமையலறைச் சுவர் வெடித்திருந்தது. கார்ப்பெட்டில் கால் வைத்தால் சளக் சளக்கென்றது. தோசை மாவு மட்டும் பால்கனியில் பத்திரமாக இருந்தது.

ஹீட்டரை எத்தனை டிகிரியில் வைத்துவிட்டுப் போனீர்கள் என்று குடியிருப்பு மேலாளர் கேட்டார். மெயினையே அணைத்துவிட்டேன் என்றேன். இன்னொரு முறை கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார். குளிர்காலத்தில் ஹீட்டரை அணைக்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தின் பதினான்காம் பக்கத்தில் இருந்தது. ஒன்பது வருடம் அடுத்தவர் எழுத்தில் பிழை திருத்தியவன், அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவில்லை.

அங்கிள் வீட்டுக் கூரை, எங்கள் சுவர், இரண்டு வீட்டுக் கார்ப்பெட் எல்லாம் என் தலையில். நான் நிறுத்திய இன்சூரன்ஸ் இருந்திருந்தால் அதில் பெரும்பகுதியைக் கட்டியிருக்கும். கடைசிப் பக்கத்துப் பணம் மொத்தமும் போயிற்று. சாமான்களைக் காயவைத்து வீடு மாறுவதில் பர்வீனின் விடுமுறையும் தீர்ந்தது. பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளினோம்.

வீடியோ காலில் வாப்பாவிடம் காரணத்தை அவளே சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. நான் சட்டகத்துக்கு வெளியே நின்றேன்.

“மெயின அமத்திட்டாரா?” வார்த்தைகள் குழறின. “நானா இருந்தாலும் அதத்தாம்மா செஞ்சிருப்பேன்.” பாதி வாயால் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

மார்ச்சில் இறந்துவிட்டார். எங்களில் அடக்கத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள். டாலஸிலிருந்து வருகிறவளுக்காகக் காத்திருக்கும்படி பர்வீனும் கேட்கவில்லை.

இப்போதும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இந்தக் கதை உண்டு. அங்கிளின் போனை ஆயிஷா நடித்துக் காட்டுவாள். அவள் முழுதாகத் தமிழ் பேசுவது அந்த இரண்டு நிமிடம்தான். வாப்பா சொன்னதை மட்டும் பர்வீன்தான் சொல்வாள், வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு. எல்லோரும் சிரிப்பார்கள். நானும்.

வெளியூர் கிளம்பி காரில் ஏறி பெல்ட் போட்ட பிறகு அவள் கேட்பாள்: “மச்சான், மெயின்?”

“ஆன்லதான் இருக்கு.”

பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஆகஸ்ட் வெயிலிலும்.