பாரை அளந்த டேப்பு அண்ணன்

வடசென்னையில் ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் பாரிலேயே அதிக நேரம் உட்கார்ந்திருந்த மனிதர் டேப்பு அண்ணன்தான். இதை மறுப்பவர் யாராவது இருந்தால் கல்மண்டபம் பக்கம் வந்து பேசட்டும்.

துறைமுகத்தில் சரக்கு அளக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் இடுப்பில் செருகிய டேப் போகவில்லை. அவருடைய சொந்தப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. வாழ்க்கையில் அவருக்கு ஒரே லட்சியம்: எங்கள் தெருவில் அரசு மதுக்கடையை ஒட்டியிருந்த பாரை மூடவேண்டும்.

மதுக்கடைச் சட்டத்தில் ஒரு வரி மாறினால் போதும், அண்ணனுக்கு அன்றைக்குத் தீபாவளி. நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் கடை கூடாது என்றார்கள். சாலையிலிருந்து பார் வாசல்வரை மூன்று முறை டேப்பை ஓட்டினார். மூன்று முறையும் பார் தப்பித்தது. "வெயில்ல டேப்பு இளுத்துகிச்சு நைனா, மார்கழில வந்து அளக்குறேன்" என்றார். பகல் பன்னிரண்டுக்கு முன்னால் திறக்கக் கூடாது என்று மாற்றினார்கள். பதினொன்றரைக்கே கடிகாரத்தோடு ஷட்டர் முன்னால் போய் நின்றார். குடிக்க வந்தவர்கள் அவருக்குப் பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள்.

அளந்து முடித்தால் புகார் மனு எழுதவேண்டும் அல்லவா? அதற்கு அந்தப் பாரிலேயே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொள்வார். பாரின் சமையலறையை நடத்திய ஸ்டெல்லா அக்கா, சுடச்சுட நெத்திலி வறுவல் கொண்டுவந்து வைப்பார். புருஷன் போனபிறகு இரண்டு பெண்களை அந்த அடுப்பை நம்பித்தான் அக்கா படிக்கவைத்துக்கொண்டிருந்தார். ஷிப்பிங் ஆபீஸ் குமாஸ்தாவான நானும் அந்த வறுவலுக்காகத்தான் மதியம் மதியம் அங்கே போவேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அப்புறம்தான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியம் நடந்தது. நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோன விசைப்படகுக்காரர்கள் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள். மாதா சிலையை வைத்துக் கும்பிட ஒரு சின்னக் கெபி கட்ட இடம் தேடினார்கள். தினமும் தவறாமல் போகிற இடமாக இருந்தால் மறக்காமல் கும்பிடலாமே என்று, பார் வாசலுக்கு எதிரிலேயே கட்டிவிட்டார்கள். கண்ணாடிக் கூண்டு, நீல விளக்கு, எல்லாம் அம்சமாக இருந்தது.

சில மாதங்களில், பார் உரிமங்களைக் கறாராகச் சரிபார்க்கும்படி உத்தரவு வந்தது. வந்த அதிகாரி கெபியைப் பார்த்தார், பாரைப் பார்த்தார். "கும்பிடுற இடம் இவ்ளோ பக்கத்துல இருக்கே! உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது. திங்கட்கிழமை விசாரணை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் டேப்போடு ஓடிவந்தார். பதினெட்டே அடி! "மாமு, மாதாவே எறங்கி வந்து மூடிட்டாங்கோ!" என்று கூவினார்.

ஸ்டெல்லா அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். "அளந்துக்கோண்ணே, நல்லா அளந்துக்கோ. நாளிக்கு எம் பொண்ணுங்க காலேஜ் போவாம வூட்ல குந்திகினு கீதுங்கன்னா, அத்தயும் வந்து அளந்துட்டுப் போ."

டேப் சர்ரென்று சுருண்டுகொண்டது. அண்ணன் அதை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

திங்கட்கிழமை பார் முதலாளியோடு விசாரணைக்குப் போன அக்காவுக்குத் துணையாக நாங்கள் நாலு பேர் போனோம். அங்கே அண்ணன் ஒரு கோணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். போச்சு, உரிமம் காலி என்று நினைத்துக்கொண்டோம். எங்கள் முறை வந்ததும் எழுந்துபோய்ப் பையை மேஜையில் கவிழ்த்தார். பாரை மூடச்சொல்லி இத்தனை வருஷமும் அவர் போட்ட மனுக்களின் நகல்கள்! ஒவ்வொன்றிலும் ஆபீஸ் முத்திரை.

"படிங்க சார். 'பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை, கோயில் இல்லை, கெபி இல்லை, ஆனாலும் மூடவும்'னு நானே எய்திக்கிறேன். பாரு மொதல்ல வந்துச்சு, கெபி இப்பத்தான் வந்துச்சு. பின்னாடி வந்ததுக்கு தூரக் கணக்கு கெடயாதுன்னு ஒங்க சட்டந்தான சொல்லுது?"

அதிகாரி புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இவ்வளவு மனுவும் போட்டது நீங்கதானா?"

"நாந்தான் சார். ஒண்ணயும் வாபஸ் வாங்கல. வேற காரணம் கெடச்சா மூடுங்க. இது தப்பு அளவு."

உரிமம் தப்பித்தது. வெளியே வந்ததும் அக்கா அவரை மடக்கினார். "இன்னாண்ணே இது? மூடணும் மூடணும்னு நீதான அலஞ்சுகினு இருந்த?"

"பாரைத்தாம்மா மூடச்சொன்னேன். ஒன் அடுப்ப அணைக்கச்சொல்லி ஒரு மனுல கூட எய்தலயே" என்றார் அண்ணன்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் முதுகில் செல்லமாக ஓர் அடி வைத்தார்.

அன்று மதியம் பாரில் உட்கார இடமில்லை. ஆனால் படகுக்காரர்கள் உட்பட ஒருத்தர்கூட சரக்கு வாங்கவில்லை. அண்ணனுக்கு மரியாதையாக ஆளுக்கொரு கோலி சோடா உடைத்தோம். அந்த மனுஷன்மேல் எங்களுக்கு அவ்வளவு பிரியம்.