ஜெரத்தில் ஒரு பிஸ்கட் டின்

மண்கலயத்தோடு ரப்பர் படகில் ஏறவிட மாட்டேன் என்று அவாங் சொல்லிவிட்டான். காட்டையும் ஆற்றையும் அறிந்த ஓராங் அஸ்லிப் பழங்குடிப் படகோட்டி அவன். பாறையில் ஒருமுறை இடித்தால் போதும், கலயம் தூள்தான் என்றான்.

செல்லப்பன் கலயத்தை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். உள்ளே அவருடைய ஒரே மகன் லோகேஸ்வரனின் அஸ்தி. மாசாய் பட்டணத்தில் வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் விபத்து. இருபத்தெட்டு வயது. மாதம் தவறாமல் துடுப்போடு இந்தக் காட்டுக்கு, அவாங்கிடம், ஓடி வந்தவன்.

ஆற்றின் பெரிய ஜெரத்தில், தண்ணீர் பாறைக்குப் பாறை மோதிக் கொதிக்கிற அந்த இடத்தில், இறங்கக்கூடாது என்றார் அப்பா. அவன் பதில் பேசாமல் துடுப்பை எடுத்துக்கொண்டு போனான். அதோடு எட்டு மாதம் இருவருக்கும் பேச்சில்லை. பேசாமலே போய்ச் சேர்ந்துவிட்டான்.

எந்த ஜெரம் வேண்டாம் என்றாரோ அதிலேயே அவனைக் கரைத்தால்தான் மனம் ஆறும் என்று, செம்பனைத் தோட்டம் வரை காரிலும், அப்புறம் ஜீப்பிலும், அப்புறம் மூன்று மணி நேரம் அட்டைக்கடியோடு நடந்தும் வந்திருந்தார்.

கூட வந்த மைத்துனர் ஐயாசாமி ஒரு வழி கண்டுபிடித்தார். பையிலிருந்த பிஸ்கட் டின். அதைக் காலி செய்ய மூவரும் உட்கார்ந்து தின்றார்கள். வெறும் வயிற்றோடு கரைக்கணும் என்ற கோயில் பண்டாரத்தின் கட்டளை அங்கேயே கரைந்தது.

அஸ்தியை டின்னுக்கு மாற்றி, அது நழுவாமலிருக்கச் செல்லப்பனின் வயிற்றில் சாரோங் கைலியால் கட்டினார்கள். நிறைமாதக்காரி மாதிரி இருந்தார். இப்போது குனிய முடியாமல் அவர் துடுப்பு தண்ணீருக்கு எட்டவில்லை. ஆகவே நீந்தத் தெரியாத ஐயாசாமியும் ஏற வேண்டியதாயிற்று. துடுப்பைத் தோசைக்கரண்டி போலப் பிடித்தார்.

"மச்சான், நான் போயிட்டா என்னை எந்த டின்ல போடுவீங்க?"

"பேசாம துழாவு லா."

ஜெரம் படகைத் தூக்கிப் போட்டது. நடுவில் அவாங் கைகாட்டினான். மூடி திறக்கவில்லை. ஐயாசாமி துடுப்பால் நெம்ப, அது படீரென்று பறந்தது. காற்று பாதிச் சாம்பலை அவர் முகத்திலேயே அப்பியது.

"விடமாட்டேங்கிறான் மச்சான். சின்னதுலேருந்தே மாமா மடிதானே அவனுக்கு."

செல்லப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறாகிப் போனது. மிச்சத்தை அள்ளி அள்ளி விட்டார்.

"போய்யா. அப்பா வந்துட்டேன்ல."

கரைத்த பிறகு திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது முறை. படகோ சுழலில் மாட்டிச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் அஸ்தி விட்ட இடமே எதிரே வந்து நின்றது. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் ஐயாசாமி. மூடினார்கள். முதலில் துடுப்பு போனது, பிறகு இருவரும் போனார்கள்.

அவாங் இருவரையும் மிதவைச் சட்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டான். செல்லப்பன் தண்ணீரைக் கக்கிவிட்டு, தன் மகனும் இந்த இடத்தில் இப்படித்தான் விழுவானா என்று மலாயில் கேட்டார்.

அவாங் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னான்:

"அவன் இதுல இறங்கினதே இல்ல பாக்சிக். அப்பா வேணாம்னு சொல்லியிருக்காருன்னு, ஒவ்வொரு தடவையும் படகைத் தலையில தூக்கிக்கிட்டுக் கரையோரமா நடந்துதான் போவான். இன்னைக்குத்தான் இறங்கியிருக்கான், நீங்க கூட வந்ததால."