மலை சுற்றி வந்த எஸ்.எஸ்.டி.

மாமனார் வீட்டில் ஒருவனுக்கு அளவுக்கு மேல் மரியாதை கிடைக்கிறது என்றால், அங்கே யாரோ அவனைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். புத்தியுள்ள மாப்பிள்ளை அதை முதல் விருந்திலேயே திருத்திவிடுவான். நான் இன்னொரு வடை வாங்கிக்கொண்டேன்.

நான் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சம்பளப் பிரிவில். அதாவது, கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு லீவு போகச் சம்பளம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிற உத்தியோகம். ஆனால் என் மாமனார் தணிகாசலம் தன் ஊரான அடி அண்ணாமலை முழுக்க, "நம்ம மாப்ள கம்ப்யூட்டர்ல இருக்காரு" என்று சொல்லி வைத்திருந்தார். (ஏதோ அதற்குள் வாடகைக்குக் குடியிருப்பது போல.)

மாமாவுக்குக் கிரிவலப் பாதையோரம் ஒரு போட்டோ கடை. மலை சுற்ற வருகிறவர்களை, மலை பின்னால் தெரியும்படி நிற்க வைத்துப் படம் எடுப்பார். கம்ப்யூட்டரில் ஏற்றி, சுற்றிலும் கோபுரமும் தீபமும் வைத்த பார்டர் போட்டு, அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுப்பார். இருட்டிவிட்டால் மலையைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒட்டிவிடுவார். மாதம் முழுக்க ஈ ஓட்டினாலும் பௌர்ணமி அன்று கடை தலை நிமிர்ந்துவிடும். அந்தக் கம்ப்யூட்டருக்கு வயதாகும் வரை அப்படித்தான் நடந்தது.

பிறகு அது மாறிவிட்டது. மாமா காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, குளித்து, நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டு, காபியும் குடித்துவிட்டு வந்து பார்த்தால், திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு படத்தைத் திற என்றால் பெண் பார்க்க வந்தவர்கள் போல யோசிக்கும். வாடிக்கையாளர் கொஞ்ச நேரம் நிற்பார். அப்புறம், "திரும்பி வரப்போ வாங்கிக்கிறேங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். கிரிவலப் பாதையில் இதைவிடப் பச்சைப் பொய் கிடையாது. வலமாகச் சுற்றிக்கொண்டு போகிற பாதையில் எவன் திரும்பி வருவான்? போனவர் போனவர்தான்.

"இந்தப் பௌர்ணமியும் இப்டியே போச்சுன்னா, கடைய கூழ் விக்கிறவருக்கு உட்டுட்லாம்னு இருக்கேன் மாப்ள," என்று ஒரு நாள் போனில் சொன்னார். குரல் உள்ளே போயிருந்தது. படம் எடுப்பதை விட்டால் அந்த மனிதருக்கு வேறு சந்தோஷம் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

"ஒரு எஸ்.எஸ்.டி. போட்டுட்டா போதும் மாமா. பறக்கும். நானே வந்து மாத்தித் தரேன்," என்றேன். அதுவரை நான் எந்தக் கம்ப்யூட்டரின் மூடியையும் திறந்தவனில்லை.

எஸ்.எஸ்.டி. என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கம்ப்யூட்டரில் இருக்கும் அத்தனையையும் சேமித்து வைப்பது ஹார்ட் டிஸ்க். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். எஸ்.எஸ்.டி.யும் அதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அதற்குள் எதுவுமே சுற்றாது. அதுதான் அதன் பெருமை, அதனால்தான் அந்த வேகம். அது சுற்ற வேண்டிய பங்கையும் சேர்த்து நான் சுற்றப் போகிறேன் என்பது அப்போது தெரியவில்லை.

வாங்குவதற்காக நான் பார்க்காத வீடியோ இல்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பக்தியே வந்துவிட்டது. அதிலும் ஒரு வகை, சாம்பாரில் போடும் முருங்கைக்காய்த் துண்டு நீளம், தகடு போல மெல்லிசு, ஒரு ஓரம் தங்கமாக மின்னுகிறது. இருப்பதிலேயே வேகம் அதுதான் என்றார்கள், அதையே வாங்கிவிட்டேன். ஒரு கல்யாண மண்டபத்தில் எடுக்கும் படமெல்லாம் இந்த முருங்கைக்காய்த் துண்டுக்குள் அடங்கும் என்றால் மனிதன் கைகூப்பாமல் என்ன செய்வான்?

"அப்பாவோட கம்ப்யூட்டர்ல இது பொருந்துமான்னு பாத்தீங்களா?" என்றாள் என் மனைவி செல்வி.

"அதெல்லாம் பொருந்தும்," என்றேன். 'அதெல்லாம்' என்று ஆரம்பித்து நான் சொன்ன பதில் எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை.

பௌர்ணமி அன்று காலையில் மாற்றிவிட்டு, சாயந்திரக் கூட்டத்துக்கு முன்னால் பெயர் வாங்குவது என் திட்டம். கடைக்குள் உட்கார்ந்து ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். "இருங்க மாப்ள," என்று அத்தை தட்டோடு வந்துவிட்டார். அந்த வீட்டில் புதுப் பொருள் எதுவும் பொட்டு வைக்காமல் வேலைக்குப் போகாது. சைக்கிளுக்கும் அதே, மிக்ஸிக்கும் அதே. அத்தை எஸ்.எஸ்.டி.யை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு சின்னப் பொருள், அதில் எங்கே பொட்டு வைப்பது என்ற குழப்பம் அவருக்கு.

"இந்த ஓரம் தங்கமாட்டம் மின்னுது. இங்கியே வெக்கிறேன்," என்று சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமமும் வைத்தார். நான் பக்கத்தில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். (அந்தத் தங்க ஓரம்தான் அது கம்ப்யூட்டரோடு பேசுகிற வாய். வாய் நிறையச் சந்தனத்தை அடைத்துவிட்டோம்.)

அடைத்ததும் ஒரு வகையில் தப்பில்லை, பேசுவதற்கு அங்கே ஆளே இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் தேடினேன். முருங்கைக்காய்த் துண்டு உட்காரக்கூடிய இடமே அந்தக் கம்ப்யூட்டரில் கிடையாது. அது பிறந்த காலத்தில் இந்த வகையே பிறக்கவில்லை. நன்றாகக் குனிந்து பார்க்கலாம் என்று எழுந்தேன். மடியில் இருந்த ஹார்ட் டிஸ்க் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். டிக், டிக், டிக் என்றது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"எங்கியோ பல்லி சொல்லுதே," என்றார் அத்தை. "கெழக்கால சொன்னா நல்லதுதான்."

மாமா திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாசலுக்குப் போய், மலையை வலம் போய்க்கொண்டிருந்த ஜனங்களைப் பார்த்தபடி நின்றார். "சாயந்திரம் கூட்டம் ஜாஸ்தி ஆயிடும் மாப்ள," என்றார், அவ்வளவுதான்.

"உள்ள இருந்த டிசைன் எல்லாத்தையும் நேத்தே பென் டிரைவ்ல எடுத்து வெச்சிட்டேன்," என்றாள் செல்வி.

"எதுக்கு?"

"நீங்கதான் கை வெக்கப் போறேன்னு சொன்னீங்களே."

என் லேப்டாப்பில் மாமாவின் பிரிண்டரை இணைத்துச் சமாளிக்கலாம் என்றால், அது ஆபீஸ் சொத்து, வெளிப் பொருள் எதையும் சேர்க்காது. செல்வி, பழைய டிஸ்க் மாட்டியிருந்த ஒயரைப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்பினாள். "இந்த வாய்க்குப் பொருந்துற மாதிரி வாங்கிட்டு வாங்க. டவுன்ல கெடைக்கும்," என்றாள். பௌர்ணமி அன்று அந்தப் பாதையில் வண்டி விட மாட்டார்கள். நடக்க வேண்டும். செருப்பை மாட்டினேன்.

"அந்த ரோட்ல செருப்போடவா?" என்றார் அத்தை. கழற்றினேன்.

உச்சி வெயில். வாயு லிங்கம், குபேர லிங்கம் என்று ஒவ்வொரு லிங்கமாகத் தாண்டிப் போனேன், சாமி கும்பிட அல்ல, அங்கே நிழல் இருந்ததால். தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் கடை. நான் முதலில் செய்தது, பையிலிருந்து முருங்கைக்காய்த் துண்டை எடுத்து, "இத எடுத்துக்கிட்டு வேற தர முடியுங்களா?" என்று கேட்டது.

கடைக்காரர் கையில் வாங்காமலே பார்த்தார். "பொட்டு வெச்சிருக்கே சார்."

"தொடச்சிடலாங்க."

"பூச பண்ண பொருள வாங்கினா கடைக்கு ஆவாது சார். நீங்களே வெச்சுக்குங்க," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒயர் படத்தைக் காட்டினேன். பேங்க் பாஸ்புக் அளவில், கறுப்பாய், மினுக்கே இல்லாத ஒன்றை எடுத்து வைத்தார். அதுவும் எஸ்.எஸ்.டி.தானாம். கொஞ்சம் வேகம் கம்மி, ஆனால் எந்தப் பழைய கம்ப்யூட்டரிலும் உட்காரும். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வந்த வழியே திரும்பினால் சீக்கிரம் போய்விடலாம். திரும்பினேன். எதிரே வந்த கூட்டத்தில் நாலு பேர் ஒரே குரலில், "எதுக்க வராதப்பா, எதுக்க வராத," என்றார்கள். மாமாவுக்கு போன் போட்டேன்.

"எதுக்க மட்டும் வராதீங்க மாப்ள. அப்பிரதட்சணம் ஆவாது. அப்டியே சுத்திகினே வந்துடுங்க."

"அது ரொம்ப தூரமாச்சே மாமா."

"எல்லாரும் சுத்தறாங்க இல்ல?"

கல்யாணமான நாளிலிருந்து "அடுத்த பௌர்ணமிக்குச் சுத்தறேன்" என்று தப்பித்துக்கொண்டிருந்தவன், கூட்டத்தோடு கூட்டமாக வலம் வந்தேன். அக்னி லிங்கம் தாண்டுவதற்குள் உள்ளங்கால் அப்பளமாகிவிட்டது. பக்கத்தில் நடந்துவந்த ஒரு அம்மா, முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "என்னா வேண்டுதல் தம்பி?" என்று கேட்டார்.

"எஸ்.எஸ்.டி. வேல செய்யணுங்க," என்றேன்.

"செய்யும் செய்யும். அவரு பாத்துப்பாரு," என்றார் மலையைக் காட்டி.

அப்போதுதான் நான் மலையைப் பார்த்தேன். உண்மையாகச் சொல்கிறேன், அதுவரை அது எனக்குப் போட்டோவில் முதுகுக்குப் பின்னால் ஒட்டுகிற பொருள்தான். எம லிங்கத்தருகே ஒரு வடிவம், நிருதி லிங்கத்தருகே இன்னொரு வடிவம். பாதை வளைய வளைய அது தோளைச் சாய்த்து, பிளந்து, பரந்து, மறுபடி ஒன்றாகிறது. இது அதே மலைதானா என்று நின்று நின்று பார்த்தேன். இத்தனை ஆயிரம் ஜனம், கைக்குழந்தையோடு, வலிக்கிற முட்டியோடு, ஒருவரை ஒருவர் தள்ளாமல், சீக்கிரம் போக வழி இருந்தும் அதில் போகாமல் சுற்றுகிறார்கள். வேகத்துக்காகப் புறப்பட்டவனை அந்த மலை மெதுவாக, மிக மெதுவாக நடக்கவிட்டது. சட்டைப் பையில் எஸ்.எஸ்.டி. மார்பில் தட்டிக்கொண்டே வந்தது.

அடி அண்ணாமலை வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கடை வாசலில் மாமா சும்மா உட்கார்ந்திருந்தார். என் காலைப் பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார்.

ஒயர் கச்சிதமாகப் பொருந்தியது. பழைய டிஸ்க் இருந்த இடத்துக்கு இது ரொம்பச் சின்னது, ஆடியது. அத்தை பூக்கட்டும் நாரைக் கொடுத்தார், கட்டினேன். மறுபடியும் குங்குமத் தட்டோடு வந்தவரைக் குறுக்கே மறித்து, "வெளிய, டப்பா மேல மட்டும் வைங்க அத்தை," என்று கெஞ்சினேன். டப்பாவுக்கு ஒன்று வைத்துவிட்டு எனக்கும் ஒன்று வைத்தார். செல்வி விண்டோஸை ஏற்றி, டிசைன்களையும் ஏற்றி முடித்தாள்.

"ஒரு தபா அணைச்சுப் போடுங்க, பாக்கலாம்," என்றார் மாமா.

அணைத்தேன். போட்டேன். மாமா பழக்க தோஷத்தில் காபி குடிக்க எழுந்து வாசல் வரை போனார். "அப்பா," என்றாள் செல்வி. அவர் திரும்பிப் பார்த்தார். திரை முழுக்கத் திறந்து, அவர் வைத்திருந்த மலைப் படம் பளிச்சென்று நின்றது. வட்டம் சுற்றவில்லை. எதுவுமே சுற்றவில்லை.

மாமாவின் வாய் திறந்தபடி இருந்தது. இரண்டு கையும் தானாக மேலே போயின. தலைக்கு மேல் கூப்பி, "அண்ணாமலையாருக்கு..." என்றார்.

கிரிவலப் பாதையில் அந்த வார்த்தையை அரைகுறையாக விட மாட்டார்கள். ரோட்டில் போய்க்கொண்டிருந்த மொத்தக் கூட்டமும் எங்கள் கடையைப் பார்த்துக் கையைத் தூக்கி, "அரோகரா" என்றது. அது பின்னால் வந்தவர்களுக்குத் தொற்றி, அப்படியே வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. சரியாக அப்போதுதான் மலைக்குப் பின்னாலிருந்து நிலா ஏறியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எஸ்.எஸ்.டி.க்கா, மலைக்கா, நிலாவுக்கா, மாமாவின் முகத்துக்கா என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்று வரை தெரியவில்லை.

அன்று "திரும்பி வரப்போ வாங்கிக்கிறேன்" என்று ஒருவரும் சொல்லவில்லை. கூழ் விற்கிறவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். முருங்கைக்காய்த் துண்டு இன்றும் அத்தையின் பூஜை அறையில், சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. ஆயுத பூஜைக்கு அதற்குப் புதுப் பொட்டு உண்டு.

மாமாவிடம் யாராவது கம்ப்யூட்டர் எப்படி இவ்வளவு வேகம் என்று கேட்டால், எஸ்.எஸ்.டி. என்று சொல்வதில்லை. "எங்க மாப்ள மலைய ஒரு சுத்து சுத்தினாரு, சரியா பூட்ச்சு," என்கிறார். அதிலிருந்து அந்த வீட்டில் எது நின்றாலும் என் காலைத்தான் பார்க்கிறார்கள். மிக்ஸி ஓடவில்லையா, மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லையா, "மாப்ள, ஒரு சுத்து போய்ட்டு வாங்களேன்," என்பார் அத்தை, எல்லோரும் சிரிப்பார்கள்.

போன மாதம் பிரிண்டர் மக்கர் செய்தது. கடையில் வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை.

நான் செருப்பைக் கழற்றினேன்.