தொலைந்த மான்குட்டியும் பன்னாட்டுப் பயிற்சி முகாமும்

ஒரு காட்டில், அதாவது பந்தலும் ஒலிபெருக்கியும் போட்டிருந்த ஒரு காட்டில், பல நாட்டு விலங்குகளுக்குப் பயிற்சி முகாம் நடந்தது. தவித்து நிற்கும் குட்டிகளுக்கு எப்படி உதவுவது என்பதுதான் பாடம். நடத்தியது ஒரு கரடி. கங்காருவும் பென்குயினும் கடல் தாண்டி வந்திருந்தன. உள்ளூர் முயல்கள் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தன.

"அடுத்தது நடிப்புப் பயிற்சி," என்றது கரடி. "காணாமல் போன குட்டியாக ஒரு குரங்கு நடிக்கும். நீங்கள் அதனிடம் பேசிப் பழக வேண்டும்."

குரங்கு வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மான்குட்டி பந்தலுக்குள் ஓடி வந்தது. அது உண்மையாகவே தொலைந்து போன குட்டி.

"எங்கம்மாவைக் காணோம். இருட்டினால் சிறுத்தை வந்துவிடும்," என்று அழுதது.

குரங்குக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பியிருக்கிறார்கள் என்று கரடி நினைத்துக்கொண்டது. "நல்ல தொடக்கம். ஆனால் அழுகை சீக்கிரம் வந்துவிட்டது. முதலில் பெயரைச் சொல், பிறகு அழு. எங்கே, வாசலிலிருந்து மறுபடி வா பார்க்கலாம்."

பெரியவர்கள் சொன்னால் தட்டாத குட்டி அது. வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தது. "என் பெயர் மருதி. எங்கம்மாவைக் காணோம்."

"கண்ணு, எங்கள் ஊரில் அப்பாதான் குஞ்சைக் காலடியில் வைத்துக் காப்பார்," என்றது பென்குயின். "உன் அப்பா எங்கே?"

"அவர் யாரென்றே தெரியாதே."

உள்ளூர் அப்பாக்கள் இப்படித்தானா என்பதுபோல் பென்குயின் முன்வரிசையைப் பார்த்தது. முயல்கள் தலையைக் குனிந்துகொண்டன.

"உன் அம்மாவுக்கு வயிற்றில் பை இல்லையா?" என்று கேட்டது கங்காரு.

"இல்லை, அத்தை."

"அடிப்படை வசதியே இல்லாமல் எப்படித்தான் பிள்ளை வளர்க்கிறார்களோ."

முயல்களின் முறை வந்தது. "நீ தனியாக இல்லை, பாப்பா," என்று ஒரே குரலில் கூறின.

மான்குட்டி ஆவலாகத் திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரும் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் தாய்மான் மூச்சிரைக்க ஓடி வந்தது. மான்குட்டி துள்ளியது. கரடி குறுக்கே நின்றது.

"பொறுங்கள் அம்மா. தாயையும் குட்டியையும் சேர்த்து வைப்பது நாளைய பாடம். இன்றைக்கு விசாரிப்பதோடு சரி."

"நாளைக்கா? ஐயா, நான் இவளைப் பெற்றவள்."

"அருமை. காலை பத்து மணிக்கு இதே குரலில் சொல்லுங்கள். மூச்சு வாங்குவதையும் விட்டுவிடாதீர்கள்."

தாய்மான் கரடியைச் சுற்றிக்கொண்டு போனது. குட்டியை மூக்கால் ஒரு தள்ளு தள்ளியது. இரண்டும் புதரைத் தாண்டி மறைந்தன.

"ஐயா, குட்டிக்கு அம்மா கிடைத்துவிட்டாளே," என்றது ஒரு முயல்.

"பயிற்சி இல்லாதவர்கள் கையில் கொடுத்தால் இப்படித்தான்," என்று கரடி பெருமூச்சு விட்டது. "எடுத்த எடுப்பிலேயே முடித்துவிடுகிறார்கள். நாளைப் பாடத்துக்கு நான் எங்கே போவேன்?"

"கவலைப்படாதீர்கள் ஐயா. விடிவதற்குள் வேறு ஏதாவது குட்டி தொலையாமலா போகும்?" என்று முயல் ஆறுதல் சொன்னது.

நீதி: காணாமல் போக இருக்கும் குட்டிகள், சேர்த்து வைக்கும் பாடம் எந்த நாளில் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுக் காணாமல் போக வேண்டும்.